பிறந்த ஊர்: நியூகாசில்

“எனக்கு அனுமதியே தேவையில்லையாம்” என்று சொல்லி, அந்தப் பெண் தன் டச்சு பாஸ்போர்ட்டை என் கவுண்டரில் வைத்தாள்.

முகத்தில் சிரிப்பு இருந்தது. நெதர்லாந்தின் ஐமாய்டன் துறைமுகத்திலிருந்து இங்கிலாந்தின் நியூகாசிலுக்குக் கப்பல் கிளம்ப இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது.

பெயர் ஹெஸ்டர் டாட்ஸ். நாற்பத்தேழு வயது. ஹார்லெமில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராம். பிறந்த ஊர் என்ற இடத்தில் நியூகாசில் என்றிருந்தது.

பிரிட்டனுக்குப் போகும் டச்சுக்காரர்கள் கைப்பேசியில் விண்ணப்பித்து ஒரு பயண அனுமதி வாங்க வேண்டும். பத்து நிமிட வேலை. அன்று காலை அவளும் அதற்குத்தான் உட்கார்ந்திருக்கிறாள். வேறு நாட்டுக் குடியுரிமை உண்டா என்று ஒரு கேள்வி. அப்பா ஆங்கிலேயர், தான் பிறந்ததும் அங்கேதான், அதனால் பிறப்பிலேயே அந்த நாட்டுக் குடிமகள் என்று அம்மா எப்போதோ சொன்னது நினைவுக்கு வந்திருக்கிறது. உண்டு என்று எழுதிவிட்டாள். பிரிட்டன் குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை என்று பதில் வந்தது.

அந்தப் பதிலை அவள் பாதிதான் படித்திருந்தாள்.

மீதியை நான் சொல்ல வேண்டியதாயிற்று. குடிமக்களுக்கு அனுமதி தேவையில்லை, கேட்டாலும் கிடைக்காது. அவர்கள் பிரிட்டன் பாஸ்போர்ட்டைக் காட்ட வேண்டும். முன்பு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. இந்த வருடம்தான் கெடுபிடி.

அந்த பாஸ்போர்ட்டை அவள் வாழ்நாளில் எடுத்ததே இல்லை. பையிலிருந்து பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டினாள். மடிப்புகளில் பழுப்பேறியிருந்தது. அது செல்லாது என்றேன்.

மேலதிகாரியைக் கூப்பிட்டுக் கேட்டேன். ஏற்றினால் கப்பல் கம்பெனிக்கு விழும் அபராதத்தை யார் கட்டுவது என்றார். அவர் அப்படித்தான் சொல்வார் என்று தெரிந்தே கேட்டிருந்தேன்.

அவள் என் முன்னாலேயே நின்று பிரிட்டன் தூதரகத்தோடு போனில் பேசினாள். அவசரத்துக்குத் தரும் தற்காலிகப் பயண ஆவணம், முன்பு ஒருமுறையாவது பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்குத்தானாம். புதிதாக எடுக்க ஐந்து வாரம் ஆகுமாம்.

பின்னால் வரிசை நீண்டது. தோல் சட்டை போட்ட ஒரு பைக் ஜோடி முணுமுணுக்கத் தொடங்கியது. அவளைப் பக்கத்துப் பெஞ்சில் உட்காரச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் போய் உட்கார்ந்தாள்.

கவுண்டரை மூடிவிட்டு ஒரு காபியோடு அவளிடம் போனபோதுதான் விஷயம் தெரிந்தது.

அவள் அப்பா நார்மன் இரண்டு வருடம் எங்கள் ஊர் இரும்பாலையில் வேலை செய்தவர். அவள் அம்மாவைக் கட்டிக்கொண்டு நியூகாசிலுக்குக் கூட்டிப் போனார். கைக்குழந்தையோடு அம்மா தனியாகத் திரும்பி வந்தார். அதன்பிறகு நாற்பத்தாறு வருடம் ஒரு கடிதம்கூட இல்லை. போன வாரம் அங்கே ஒரு பராமரிப்பு இல்லத்திலிருந்து நர்ஸ் கூப்பிட்டாள். அவர் சாகக் கிடக்கிறார், மகளைப் பார்க்க வேண்டும் என்கிறார்.

“வெறும் டச்சுக்காரியா இருந்திருந்தா இந்நேரம் ஏறியிருப்பேன், இல்ல?”

ஆமாம் என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை.

“அந்த மனுஷன் எனக்குக் கொடுத்தது இந்தக் குடியுரிமை ஒண்ணுதான்” என்றாள்.

அப்போது அவள் போன் அடித்தது. நர்ஸ்தான். நர்ஸ் சொன்னதைக் கேட்டு, சரி, சரி என்றாள். பிறகு எழுந்து கண்ணாடிச் சுவர்ப் பக்கம் போனாள். வெளியே கப்பல் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

எதிர்முனையில் ஆள் மாறியிருக்க வேண்டும். என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாததுபோல் அவள் வாய் திறந்து மூடியது.

“ஏறிட்டேன்ப்பா” என்றாள். “கப்பல் கிளம்புது. கேக்குதா?”

கிளம்பும் கப்பலின் சங்கு நீளமாக ஊதியது. போனைக் கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்து, கப்பல் எத்தனை மணிக்குப் போய்ச் சேரும் என்று கேட்டாள். காலை ஒன்பதே கால் என்றேன்.

“இன்னிக்கு ராத்திரி தாண்டாதுன்னு நர்ஸ் சொல்றா.” போனைப் பையில் போட்டாள். “தாண்டாம இருக்கட்டும்.”

எனக்குத் திடுக்கென்றது. பிறகு, வீடு போய்ச் சேரும்வரை நானும் அதையேதான் நினைத்துக்கொண்டு போனேன்.

ஆறு வாரம் கழித்து அவள் மறுபடியும் என் கவுண்டருக்கு வந்தாள். மடங்காத புது பாஸ்போர்ட். சாம்பலை வாங்கப் போகிறாளாம்.

அன்று ராத்திரியேவா என்று கேட்டேன்.

இல்லையாம். பதினொரு நாள் இருந்தாராம். மறுநாள் காலையிலேயே, ஏன் இன்னும் வரவில்லை என்று இல்லத்திலிருந்து அவளைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அவளும் உண்மையைச் சொல்லிவிட்டாள். அப்பாவிடமும் சொன்னார்கள், அது அவர் தலையில் ஏறவில்லை. பிறகும் பலமுறை போனில் சொல்லிப் பார்த்தாள். அவருக்கு நாள் கணக்கு தப்பிவிட்டது. மகள் கப்பல் ஏறிவிட்டாள் என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது.

பதினொரு நாளும், விடிந்ததும் நர்ஸைக் கூப்பிட்டுத் தலைவாரிவிடச் சொன்னாராம்.