வேறு சதுப்பு

"வேணாம்ப்பா," என்றாள் டிம்ப்னா அம்மாள், வெட்டுகிற மண்ணிலிருந்து தலையை நிமிர்த்தாமலே.

டப்ளினிலிருந்து வந்திருந்த அதிகாரி கோர்மக்குக்கு ஒன்றும் பிடிபடவில்லை. பாதுகாக்கப்பட்ட இந்தச் சதுப்பில் இனி யாரும், காயவைத்து விறகாய் எரிக்கிற கரிமண்ணை வெட்டக் கூடாது. நிறுத்துகிறவர்களுக்கு அரசாங்கம் ஈடு கொடுக்கும். அயர்லாந்தின் எல்லையோரத்து மொனஹன் பக்கத்தில் அரசாங்கம் வலிய வந்து கொடுத்தது என்றைக்கு நடந்திருக்கிறது? சதுப்பில் பங்கு வைத்திருந்த மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். பாக்கி இந்த ஒருத்திதான்.

வருஷா வருஷம் யூரோ தருகிறோம் என்றான். வேண்டாமாம். காய்ந்த கரிமண்ணை வண்டியில் கொண்டுவந்து வாசலில் கொட்டுகிறோம் என்றான். அதுவும் வேண்டாமாம்.

வரும் வழியில் அவள் வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தான். எண்ணெயில் ஓடும் கொதிகலன் வைத்து வீடு கதகதவென்று இருக்கிறது. புகைபோக்கியை எப்போதோ அடைத்தாயிற்று. கொல்லையில் பல வருஷத்துக் கரிமண் குவியல் குவியலாய்ப் புல் முளைத்துக் கிடக்கிறது.

எரிக்காத மண்ணை எதற்கு வெட்டுவது?

வெட்டுவதிலாவது ஒரு ஒழுங்கு உண்டா? ஊரே டிராக்டரில் மிஷினைப் பூட்டி ஒரே நாளில் முடிக்கிற வேலை. இவள் இந்த வயதில் கையால் வெட்டுகிறாள். வெட்டிய கட்டியை அப்படியே போடுவதும் இல்லை. அரிசியில் கல் பார்ப்பதுபோல் பிட்டு, விரலால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைக்கிறாள்.

அடுத்த மாதம் முதல் இங்கே மண்வெட்டி இறங்கினால் வழக்கு. இவளைக் கோர்ட்டுக்கு இழுக்கிற பாவம் தன் தலையிலா விடிய வேண்டும் என்று அவனுக்கு எரிச்சலாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

"சரிம்மா, பணமும் வேணாம், மண்ணும் வேணாம். வேற சதுப்புல இதே அளவு எடம் தர்றோம். ஆசை தீர வெட்டிக்குங்க. அங்கயும் இதே மண்ணுதானே?"

டிம்ப்னா அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அங்க ஃபெலிம் இல்லையேப்பா."

கோர்மக் திருதிருவென விழித்தான்.

"என் தம்பி. அப்ப பதினெட்டு வயசு. கலவரக் காலத்துல துப்பாக்கியோட வீட்டுக்குள்ள பூந்து இழுத்துட்டுப் போனானுங்க. ரொம்ப வருஷம் கழிச்சு எவனோ பாதிரியாருக்கு போன் பண்ணி, அவங்க சதுப்புப் பங்குலயேதான் பொதைச்சோம்னு சொன்னான். பங்குல எந்த எடம்னு கேக்கறதுக்குள்ள போனை வெச்சுட்டான். வந்து தோண்டினவங்களும் கெடைக்கலன்னு போயிட்டாங்க."

அவள் மறுபடி குனிந்துகொண்டாள்.

கோர்மக் திரும்பிப் போய்விடத்தான் நினைத்தான். காலை எங்கே எடுத்து வைப்பது என்று தெரியவில்லை.