காது வரைக்கும்

வலது மார்பை எடுத்த நாளிலிருந்து அன்னபாக்கியத்தின் வலது கை தோளுக்கு மேல் எழவில்லை. விரல்களைச் சுவரில் மெல்ல மெல்ல மேலே ஏற்றிப் பழகச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். இரண்டு மாதமாக விரல்கள் அதே இடத்தில்தான் நின்றன. தெருக்குழாயில் எல்லாரும் பரிதாபப்பட்டு அவளுக்கு வழிவிட்டார்கள், குடத்தை நிறைத்தும் கொடுத்தார்கள். பத்து வருஷப் பகையாளி ரஞ்சிதம் மட்டும் இன்று அந்தக் குடத்தைச் சாக்கடையில் எத்திவிட்டாள்.

"சாகப்போறவளுக்கு எதுக்குடி மொதக் குடம்?"

அன்னபாக்கியம் கைக்குக் கிடைத்த செம்பை ஓங்கினாள். தழும்பு கிழிவதுபோல் வலித்தது. அலறிக்கொண்டே அடித்தாள். ரஞ்சிதம் விலகவுமில்லை, தடுக்கவுமில்லை. புருவம் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. மறு கண்ணால், இரண்டாம் அடிக்கு ஓங்கி நின்ற அந்த வலது கையை மட்டும் உற்றுப் பார்த்தாள்.

"காது வரைக்கும் வந்துருச்சு" என்றாள். முந்தானையால் புருவத்தை அழுத்திக்கொண்டு நடந்தாள்.

மறுநாள் அன்னபாக்கியம் செம்போடு வந்தபோது, நெற்றியில் தையலோடு ரஞ்சிதம் வரிசையை மறித்து நின்றாள். தரையில் அல்ல, குழாய் மேடைமேல் ஏறி.