அவமதிப்பு வழக்கு

பத்திரிகை ஆசிரியருக்கு வியர்த்துக் கொட்டியது. குடிசைகளை இடிக்கச் சொன்ன தீர்ப்பைப் பற்றிய கட்டுரை அவர் கையில் இருந்தது. எதிரில் அதை எழுதிய பெண் நிருபர். முழுசாகப் படித்துவிட்டுத் திருத்தும் பழக்கமெல்லாம் ஆசிரியருக்குக் கிடையாது.

"ஏம்மா, என்னைக் கம்பி எண்ண வைக்காம விடமாட்டியா? 'ஏழைகள் சொன்னதைக் காதிலேயே வாங்காத தீர்ப்பு'ன்னு எழுதியிருக்கே!" வரியை அடித்தார்.

"சார், அது நான் சொன்னது இல்ல..."

"'சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துப் படித்திருக்கிறார்கள்.' அடேயப்பா, என்ன வாய்க்கொழுப்பு!" அதையும் அடித்துவிட்டு, மேலே 'மாண்புமிகு நீதிபதிகளின் பொன்னான தீர்ப்பு' என்று எழுதினார். "நீதிபதிகளைக் குறை சொல்ல நாம யாரு? எந்தப் பொறுப்பில்லாத ஆளு இப்படியெல்லாம் பேசினான்?"

"கடைசி பாராவுல போட்டிருக்கேன் சார். தீர்ப்பு சொன்ன மூணு நீதிபதிகள்ல ஒருத்தர்தான். மத்த ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சுக்கிட்டே, 'நான் ஒத்துக்கல'ன்னு கோர்ட்ல வாசிச்சார்."

பேனா ஒரு நொடி தயங்கியது. பிறகு கடைசிப் பாராவையும் சேர்த்து அடித்தது.

"அவருக்கென்னம்மா, நீதிபதி! எதை வேணா பேசலாம். நாம வெறும் பத்திரிகைதானே?"