நாலு மணித் தபால்

சாப்பாட்டு மேசையைச் சுற்றி நான்கு பேர். ஜன்னல் பக்கம் மகள். அவளுக்கு எதிரே அம்மா. அம்மாவுக்குப் பக்கத்தில், கைக்கடிகாரத்தைக் கழற்றி முன்னால் வைத்துக்கொண்டு, அம்மாவின் தம்பி. கோடியில் அப்பா. அவருக்கும் நடக்கிற பேச்சுக்கும் சம்பந்தமே இல்லை. பழைய டப்பா ஒன்றைக் கவிழ்த்து, ஸ்க்ரூக்களைச் சின்னது தனி, பெரியது தனி என்று பிரித்துக்கொண்டிருந்தார்.

மேசை நடுவில், வெளிநாடு போய்ப் படிக்கச் சம்மதம் என்று சொல்லும் ஒப்புதல் கடிதம் கிடந்தது. மகளின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

“மணி மூணேகால். நாலு மணிக்குத் தபாலை எடுத்துடுவாங்க. இன்னைத் தேதி முத்திரை விழணுமாம்,” என்றார் மாமா. “உலகத்தையே கரைச்சுக் குடிக்கிற படிப்பு. ஆனா ஈமெயில்ல அனுப்பினா செல்லாதாம். மையில போட்ட கையெழுத்துதான் வேணுமாம்!”



மகள் படித்தது கட்டடக்கலையோடு உலக நாடுகளின் வாழ்க்கைமுறை ஆய்வும் சேர்ந்த படிப்பு. மூன்று வருடம் இங்கே, மிச்சம் இரண்டு வருடம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில். மறதி நோய் வந்தவர்கள் தடுமாறாமல் வாழ எந்தெந்த நாட்டில் எப்படி வீடு கட்டுகிறார்கள் என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பொருள்.

ஏன் எடுத்தாள் என்று யாரும் கேட்டதில்லை. வீட்டைப் பார்த்தாலே தெரியும். கட்டிலிலிருந்து குளியலறை வரை தரையில் மஞ்சள் நாடா ஒட்டியிருந்தாள். ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் ஒரு படம் வரைந்து வைத்திருந்தாள். ஊரில் பாதி வீட்டுக்கு வயர் இழுத்த எலெக்ட்ரீஷியனான அப்பாவுக்கு, சொந்த வீட்டில் எதைத் தட்டினால் ஃபேன் சுற்றும் என்பது போன வருடமே குழம்பிவிட்டது.

“மூணு வருஷம் ராப்பகலா உழைச்சிருக்கே,” என்றாள் அம்மா. “இப்பப் போகலேன்னா எல்லாம் பாதியில நிக்கும்டி.”

“நிக்கட்டும்மா.”

“அப்பாவை நான் பாத்துக்க மாட்டேனா?”

“பாத்துப்பே. ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு நான் வந்து நிக்கும்போது அவருக்கு என்னைத் தெரியாது. டாக்டர் சொன்னாரில்ல? முதல்ல பேரு போகும், அப்புறம் முகம் போகும்னு.” அவள் கடிதத்தை அம்மா பக்கம் தள்ளினாள். “அவருக்கு என்னைத் தெரியற வரைக்கும் நான் இங்கதான். தெரியாமப் போனப்புறம் எங்க அனுப்பினாலும் போறேன், போதுமா?”

“என்னடி பேச்சு இது? அவர் காதுல விழப்போகுது,” என்று மாமா தணிந்த குரலில் அதட்டினார்.

“விழுந்தா மட்டும் ஞாபகம் இருக்கவா போகுது, மாமா?”

அம்மா மகளையே பார்த்தாள். காலையில்கூட அவர் இவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, நகம் கடிக்காதே என்று அதட்டியிருந்தார். அந்த ஒரு அதட்டலை நம்பித்தான் இவள் இப்படி முரண்டு பிடிக்கிறாள்.

ஸ்க்ரூ ஒன்று உருண்டு மகளின் முழங்கையில் முட்டி நின்றது. எடுத்து நீட்டினாள். அப்பா வாங்கிக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு அம்மா பக்கம் திரும்பினார்.

“யாரு இந்தப் பொண்ணு?”

கடிகாரத்தை எடுக்கப்போன மாமாவின் கை அப்படியே நின்றது.

“அப்பா, நான்ப்பா.”

“தெரியலையேம்மா. பக்கத்து வீடா?” முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் மரியாதை அவர் குரலில் வந்திருந்தது. “படிக்கிறியா?”

“படிக்கிறேன்.”

“என்ன படிப்பு?”

“வீடு கட்டுற படிப்பு. கூடவே உலகத்தைப் பத்தியும்.”

“பெரிய படிப்புதான். உங்கப்பா குடுத்து வச்சவர்.” கையிலிருந்த ஸ்க்ரூவைப் பெரியவற்றோடு சேர்த்தார். “நேரமாச்சே, கிளம்பும்மா. உங்க வீட்ல தேடுவாங்க.”

மகள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அம்மா எழுந்து போய்த் தோளைத் தொட்டபோது, கையைத் தட்டிவிட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

வெளியே மழை மேகம் கட்டி இருட்டியிருந்தது. அம்மா மேசை விளக்கைப் போட்டாள். அப்பாவின் கை சும்மா இருக்கவில்லை. விளக்கு நின்ற இடம் பிடிக்காததுபோல், அதைத் தூக்கி மகளின் வலப்பக்கம் நகர்த்தி வைத்தார்.

“எதையாவது நோண்டிக்கிட்டே இருக்கணும் இவருக்கு,” என்று அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

மகள் பேனாவை இடக்கையில் பிடித்துக் கையெழுத்துப் போட்டாள். கை நிழல் எழுத்தின் மேல் விழவில்லை. கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். ஓரத்தை ஒட்டி, பிரியாமல் இருக்க இரண்டு முறை அழுத்தித் தேய்த்தாள்.

“குடு, நான் போட்டுடறேன்,” என்றார் மாமா.

“வேண்டாம். நானே போடறேன்.”

வாசலில் ஒரு கணம் நின்றாள். “வரேன்ப்பா.”

அப்பா தலை நிமிரவில்லை. மறுபடி ஸ்க்ரூக்களில் ஆழ்ந்துவிட்டார்.

அவள் விடுவிடுவென்று படியிறங்க, மாமா குடையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினார். “அடியே, நில்லுடி! உறை நனையப்போகுது!”

அம்மா திறந்த கதவைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் போவதையே பார்த்து நின்றாள். பாதித் தெரு தாண்டியிருப்பார்கள். உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது.

“கதவைச் சாத்திடு. எம்பொண்ணு திரும்பிப் பார்த்தா, எனக்கு இதுக்கு மேல நடிக்க வராது.”