பிரின்ஸ் கடிக்க மாட்டான்

கடந்த ஓராண்டில் நாய்க்கடி ஊசி போட்டுக்கொண்டீர்களா?

ரத்ததானப் படிவத்தில் அந்தக் கேள்விக்கு வந்ததும் வில்பிரட்டின் பேனா நின்றுவிட்டது.

எதிரே கட்டிலில் மாமியார் மெட்டில்டா. முப்பது வருடம் தலைமையாசிரியையாக இருந்தவர். படுத்தபடியே அடுத்தவர் எழுதுவதைக் கண்காணிப்பார். குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்து, நாளைக் காலை அறுவை சிகிச்சை. ஓ நெகட்டிவ் ரத்தம் இரண்டு யூனிட் வேண்டும். குடும்பத்தில் அந்த வகை இருவருக்குத்தான்: மருமகனுக்கும், பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் மகன் ஜாய்சனுக்கும்.

பிரின்ஸ் மெட்டில்டாவின் நாய். நாய் என்று சொல்லக் கூடாது. இளைய மகன்.

ஈஸ்டர் அன்று பிரியாணி சாப்பிட்டுவிட்டு எழுந்த வில்பிரட்டின் கெண்டைக்காலை அந்த இளைய மகன் கவ்வினான். ரத்தம் பாதம் வரை வழிந்தது. மெட்டில்டா பதறி ஓடிவந்து, முதலில் நாயின் வாயைத் திறந்து பல்லுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.

“கடிக்கல மாப்ள. பல்லு பட்டிருக்கு, அவ்ளோதான்.”

பிரின்ஸ் கடித்தான் என்று சொன்ன மாடிக் குடித்தனக்காரரை மெட்டில்டா அடுத்த மாதமே காலி செய்ய வைத்தார். அந்த மாடியில்தான் இப்போது வில்பிரட் குடியிருக்கிறான். அதனால் மறைமலை நகர் கம்பெனியில் ஓவர்டைம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, தெரிந்த முகம் ஒன்றும் வராத படப்பை அரசு மருத்துவமனைக்குப் போய் நாலு ஊசி போட்டுக்கொண்டான். கள்ளக்காதலுக்குக்கூட இத்தனை பொய் தேவைப்பட்டிருக்காது.

இப்போது ‘ஆம்’ என்றால் வீடு போகும். ‘இல்லை’ என்றால் அவன் ரத்தம் மாமியார் உடம்புக்குள் போகும். ஏதாவது ஆகிவிட்டால்? தன்னைத் திட்டுவதற்கு இந்த மனுஷி இல்லாமல் போய்விடுவாரோ என்று பயந்தான். அவனுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

‘ஆம்’ என்று டிக் அடித்தான்.

சிஸ்டர் அதை வாங்கிச் சத்தமாகவே படித்தார். ஒரு வருடத்துக்கு அவன் ரத்தம் கொடுக்கக் கூடாது என்றார். மெட்டில்டா பார்த்த பார்வையில் வில்பிரட் மனதுக்குள் சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டான்.

ஜாய்சன் தன் படிவத்தை இரண்டாக மடித்து நீட்டினான். சிஸ்டர் பிரித்துப் படித்தார். அதிலும் அந்தக் கேள்விக்கு ‘ஆம்’.

பெற்ற பிள்ளையுமா என்று மெட்டில்டாவுக்கு மூச்சு வாங்கியது. வாயில்லா ஜீவன் மேல் குடும்பமே சேர்ந்து அபாண்டமாகப் பழி போடுகிறது என்று அழவே தொடங்கிவிட்டார்.

சிஸ்டர் ரத்த வங்கிக்கு போன் போட்டு, வெளியிலிருந்து இரண்டு யூனிட்டுக்கு ஏற்பாடு செய்தார். பிறகு மெட்டில்டாவின் கேஸ் ஷீட்டைப் புரட்டியபடி ஆறுதல் சொன்னார்.

“அழாதீங்கம்மா. காலைல டாக்டர் கேட்டப்ப நீங்களும்தான சொன்னீங்க. போன டிசம்பர், நாலு ஊசி, படப்பை.”

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ள இடுப்பு இடம் கொடுக்கவில்லை. மெட்டில்டா கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.