ஆறு கம்பி

மகாராஜன் அண்ணாச்சி தலைக்கவசத்தைக் கழற்றிச் சந்தனச்செல்வியின் மேசையில் வைக்கிறார். கூடவே கேட் பாஸ், ஒரு ஜோடி கையுறை. துறைமுக யார்டு அலுவலகத்தின் ஜன்னல் கண்ணாடியில் படிந்த நிலக்கரித் தூசியைத் தாண்டி வரும் பகல் வெயில் தலைக்கவசத்தின் உள்ளே விழுகிறது. வியர்வை இன்னும் காயவில்லை. கிரேன் ஓட்டிய அவரை வேலையைவிட்டு அனுப்பும் படிவத்தை நிரப்புவது அவள் வேலை. காரணத்தை மட்டும் மேலாளரே எழுதிவிட்டார்: 'கிரேன் வயர் ரோப்பில் ஆறு கம்பி அறுந்திருப்பதாக வலைப்பூவில் எழுதியது.' எழுதியது சந்தனச்செல்வி. புனைபெயரில், யாருக்கும் தெரியாமல். ஆனால் கிரேன் உச்சிக்கு ஏறி அதைப் பார்த்தவர் அண்ணாச்சி ஒருவர்தான். டீ குடிக்கையில் அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் போட்டிருந்தாள். தன் பெயரை மறைத்தவளுக்கு அவர் பேச்சை மறைக்கத் தோன்றவில்லை. விசாரணையில் அவர் வாயே திறக்கவில்லையாம். வெளியே சைரன் அலறுகிறது. அதே ரோப் இன்னொரு கன்டெய்னரைத் தூக்குகிறது. "அண்ணாச்சி..." என்கிறாள். படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைக்கிறாள். "கையெழுத்து எங்கன போடணும்?" என்று குனிகிறார். நிதானமாகப் போடுகிறார். பேனாவை மூடி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்த மேசைக்குக் கேட்காதபடி சொல்கிறார்:

"நீ எழுதையில ஆறு கம்பிதான் அறுந்திருந்துச்சு, தாயி. நேத்து ஏறிப் பாத்தேன், ஒம்பது. மாத்திப் போட்டுரு. கீழ நம்ம ஆளுவ நிக்காவ."