குலுக்குற பெட்டி

"இருக்குறதுலயே நல்லா குலுக்குற பெட்டியா பார்த்துக் குடு, மஜீது."

அப்துல் மஜீதுக்குத் தன் காதில்தான் கோளாறு என்று தோன்றியது. கிள்ளானில் ஆட்டோமேட்டிக் கியர் கார்களுக்கான பட்டறை திறந்த நாளிலிருந்து யாரும் இப்படிக் கேட்டதில்லை.

"குலுக்காததுன்னுதானே சொன்னீங்க, அங்கிள்?"

"குலுக்குறது."

சொன்னவர் சீவரத்தினம். ரயில்வேயில் ஸ்டோர் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு பிரிக்பீல்ட்ஸில். பக்கத்தில் அவர் மனைவி புனிதவதி, வெடிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தார்.

அவர்களுடைய பழைய காரில் கியரை மாற்றிவிடும் எலெக்ட்ரானிக் பெட்டி செத்துப்போயிருந்தது. சாவதற்கு முன்னால் சில மாதம் ஒவ்வொரு கியருக்கும் வண்டியை உதறி எடுத்திருக்கிறது. கடைசியில் மூன்றாவது கியரிலேயே சட்டமாக உட்கார்ந்துவிட்டது. கம்பெனிப் பெட்டி இப்போது வருவதில்லை. வேறு யாராவது செய்ததைத்தான் மாட்ட வேண்டும்.

மஜீது மேசையில் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார்.

"இது தைவான். மாட்டினா போதும், கியர் மாறுறதே தெரியாது. சோயாவுல செய்யுற தவுஃபூ மாதிரி வழுக்கிட்டுப் போகும். இது ஆஸ்திரேலியா. கம்ப்யூட்டரை வச்சு செட் பண்ணணும், தலைவலி. இது அமெரிக்கா. இந்தக் குமிழைத் திருப்பினா கியர் மெதுவா விழணுமா, அடிச்சு விழணுமான்னு நம்மளே வச்சுக்கலாம். ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும்."

"பத்துல யாரு வைப்பா?"

"ரேஸ் ஓட்டுற பையங்க."

"அதையே வை."

புனிதவதி வெடித்தார். "இஞ்சாருங்கோ, உங்களுக்கு மூளை பிசகிப்போச்சா? அந்தச் சனியன் உதறின உதறல்ல என் இடுப்பு எலும்பெல்லாம் இடம் மாறிக் கிடக்கு. தம்பி, அந்தத் தவுஃபூவையே போட்டு விடு லா!"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. கியர் மெதுவா விழுந்தா உள்ளுக்குள்ள வழுக்கித் தேயும். அடிச்சு விழுந்தாத்தான் ஆயுசு கெட்டி. என்ன மஜீது?"

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது.

"அதுக்கு நாலுல வச்சாலே போதும், அங்கிள்."

"சரி, ஒன்பது" என்றார் சீவரத்தினம், பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுப்பவர் போல.

பெட்டியை மாட்டி, ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்கள். சீவரத்தினம் ஓட்டினார். புனிதவதி பக்கத்தில். மஜீது பின்னால்.

இரண்டாவது கியர் விழுந்தது. மஜீதின் தொப்பி பறந்து ஸீட்டுக்கு அடியில் போனது. குனிந்து தேடினார். மூன்றாவது விழுந்தது. முன் ஸீட்டில் நெற்றி இடித்தது. சாலையோரம் வடை விற்ற பெண், "எல் லைசன் போல, இப்பத்தான் ஓட்டப் பழகுறாங்க, பாவம்!" என்று சத்தமாகவே சொன்னாள்.

"ஐயோ முருகா! என்னைக் கொல்லத்தான் இந்தப் பெட்டிய வாங்கினாரு!" என்று முன்னாலிருந்து புனிதவதியின் அலறல்.

தொப்பி கிடைத்தபோது பட்டறையே வந்துவிட்டது.

வீட்டில் சாப்பிடும்போதும் மஜீதுக்கு மனசு ஆறவில்லை. மனைவி ரசியாவிடம் சொன்னார்:

"பொண்டாட்டி கதறுறாங்க, அந்த மனுசன் சிரிச்சுக்கிட்டே ஓட்டுறாரு. இப்படியும் ஒரு கல்நெஞ்சு இருக்குமா?"

"குமிழ் உங்க கைக்கு எட்டுற இடத்துலதானே இருக்கு?" என்றாள் ரசியா.

அடுத்த வாரம் கியர் எண்ணெயைச் சரிபார்க்க சீவரத்தினம் வண்டியைக் கொண்டுவந்தார். அவர் எதிர் டீக்கடைக்குத் தே தாரிக் குடிக்கப் போன நேரத்தில், மஜீது டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டு, ஒன்பதில் இருந்த குமிழை இரண்டுக்குத் திருப்பினார். ஒரு பெண்பாவத்தைத் தீர்த்த திருப்தி.

வண்டி சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது.

சில நாள் கழித்துப் புனிதவதி மட்டும் தனியாக வந்தார். கொமுட்டர் ரயில் பிடித்து, ஸ்டேஷனிலிருந்து குடையோடு நடந்து வந்திருந்தார். நன்றி சொல்லத்தான் வருகிறார் என்று மஜீது நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

புனிதவதி உட்காரவில்லை. "யாரு அந்தக் குமிழைத் தொட்டது?"

"நான்தான் ஆன்டி. அங்கிளுக்குத் தெரியாம. உங்க இடுப்புக்காகத்தான்…"

"என் இடுப்பு உங்கிட்ட வந்து அழுதுச்சா?"

"நீங்கதானே ஆன்டி அந்தக் கத்து கத்தினீங்க?"

"கத்தாம? பேசாம உக்காந்திருந்தா எனக்குப் புடிச்சிருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிடாதா?"

"எனக்கு ஒண்ணும் புரியல, ஆன்டி."

"வண்டி வழுக்க ஆரம்பிச்சதுலேர்ந்து பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு பள்ளம் பாக்கியில்ல. எல்லாத்துலயும் இறக்கி ஏத்துறாரு. நேத்து பக்கத்துக் கோயிலுக்குப் போக எங்கேயோ இருக்குற சுபாங் ஜெயா வழியா சுத்திக்கிட்டுப் போனாரு. கேட்டா, அங்கதான் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்காங்களாம்! உங்கிட்ட வந்து கேக்க அவருக்கு வெக்கம். ஏதாவது சாக்கு சொல்லி நாளைக்கு வண்டிய அனுப்பி வைக்கிறேன். மறுபடி ஒன்பதுலயே வச்சிடு, தம்பி."

"குலுக்கல்ல அப்படி என்னதான் ஆன்டி இருக்கு?"

புனிதவதி சுற்றுமுற்றும் பார்த்தார். யாரும் இல்லை. ஆனாலும் குடையை விரித்து முகத்தைப் பாதி மறைத்துக்கொண்டார்.

"கல்யாணமாகி இத்தனை வருசத்துல, வண்டி தூக்கிப் போடுறப்பதான் தம்பி, அந்த மனுசன் என் கையைப் புடிக்கிறாரு."